முழங்கால்காரனை முன்னால் விடுங்கள்

கரடி கறையான் தின்னும் சத்தத்தைக் குறட்டை என்று நினைத்துவிட்டேன். காலை ஏழரை மணிக்கு, மலைப்பாதையில், யார் வந்து குறட்டை விடப்போகிறார்கள்? அந்த யோசனையெல்லாம் அப்போது வரவில்லை. 'ஃபூ' என்று ஊதும் சத்தம், அப்புறம் 'ஸ்ர்ர்ர்' என்று உறிஞ்சும் சத்தம், மறுபடி ஊதல். என்னவென்று பார்க்கலாமே என்று வளைவைத் தாண்டி நாலு எட்டு வைத்தேன். பாதையோரம் ஒரு புற்று. அதற்குள் மூஞ்சியைப் புதைத்தபடி, சடைபிடித்த கறுப்பு முதுகு ஒன்று. எங்களுக்கு நடுவே பதினைந்து எட்டு தூரம் இருந்திருக்கும்.

நான் தனியாக நின்றேன். வழிகாட்டியோடு சேர்த்து ஆறு பேராகக் கிளம்பிய கூட்டத்தில் நான் மட்டும் எப்படித் தனியாக நின்றேன் என்பதைத்தான் சொல்ல வேண்டும். கரடி அதற்கு அப்புறம்தான்.

கூட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லாம் கல்லூரிக் காலத்து சிநேகிதம். ஒருவன் முழங்கால்காரன்: ஏற்றத்தில் சமாளிப்பான், இறக்கத்தில் ஒவ்வோர் அடிக்கும் முகம் சுளிப்பான். ஒருவன் கேமராக்காரன்: பாசி, பூஞ்சை, பூச்சி எதைக் கண்டாலும் குந்திவிடுவான். ஒருவன் வாயாடி, அவனுக்கு விளக்கம் தேவையில்லை. எங்களைவிட ஆறே மாதம் மூத்தவள் ஒருத்தி, எல்லோருக்கும் அக்கா. பையில் எது மேலே, எது கீழே என்பதுவரை அவள் வைத்ததுதான் சட்டம். ஐந்தாவது ஆள் நான். மெதுவாக நடக்கத் தெரியாதவன். இரண்டு நாள் நடை. வழிகாட்டியாக வந்த அண்ணன் அந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்.

முதல் நாள் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, அட்டைகளைத் தவிர. மழை பெய்து ஓய்ந்த இலைச்சருகில் நின்றால் அவை நாலா பக்கமிருந்தும் நிமிர்ந்து, நம் பக்கம் வளைந்து வளைந்து வருவதைப் பார்க்கலாம். காலுறைக்குள் கால்சட்டையைச் செருகிக்கொள்வது பாதி வேலையை முடித்துவிடும். கடித்துவிட்டால் நெருப்பு வைக்காதீர்கள், பிடித்தும் இழுக்காதீர்கள். அட்டையின் மெல்லிய முனைதான் வாய். அதன் ஓரத்தில் நகத்தை வைத்து, தோலோடு தோலாக நெம்பினால் விட்டுவிடும். இரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளைக் கடிவாயில் விட்டுவிட்டுப் போவதால், காயம் சின்னதாக இருந்தாலும் வெகுநேரம் கசியும். வாயாடி தன் காலுறை சிவந்திருப்பதைப் பார்த்துவிட்டுக் கடைசி விருப்பங்களைச் சொல்ல ஆரம்பித்தான். அழுத்திக் கட்டியதும் நின்றுவிட்டது. பேச்சு நிற்கவில்லை.

மாலையில் பாதை நடுவே யானை லத்தி கிடந்தது. அண்ணன் குனிந்து புறங்கையை அதன் மேல் காட்டினார். சூடு இல்லை. மேல்பக்கம் காய்ந்து வெளுத்திருந்தது. ஒரு கட்டியைக் குச்சியால் பிளந்தார். உள்ளே நாரும் விதையுமாக இருந்தது, வண்டுகள் ஏற்கெனவே குடைந்திருந்தன. "நேத்துப் போனது. போலாம்" என்றார். புதிதாக இருந்தால் ஈரமாகப் பளபளக்குமாம், குளிர்காலக் காலையில் ஆவி பறக்குமாம். லத்தியைவிட ஒடிந்த கிளையைத்தான் அவர் அதிகம் நம்பினார். முறிந்த இடத்தில் பால் வடிகிறதா, இலை வாடியிருக்கிறதா, உரித்த பட்டை வெள்ளையாக இருக்கிறதா, பழுப்பேறிவிட்டதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். நாங்கள் மலையைப் பார்க்க வந்திருந்தோம். அவரோ தரையையும் கிளைகளையும் மட்டுமே பார்த்து நடந்தார்.

அன்றிரவு ஒரு வாக்குவாதம். காட்டில் பேசிக்கொண்டு நடக்கலாமா, கூடாதா? கேமராக்காரன் கட்சி: வாயை மூடினால்தான் எதையாவது பார்க்க முடியும். வாயாடியின் கட்சி உங்களுக்கே தெரியும். இரண்டிலும் நியாயம் உண்டு என்று இப்போது நினைக்கிறேன். தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவில் தண்ணீர் குடிக்க வரும் விலங்குகளுக்கு ஒலிபெருக்கியில் பலவிதக் குரல்களைப் போட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2023-ல் வெளியானது. சிங்கம் உறுமியபோது ஓடியதைவிட, மனிதர்கள் சாதாரணமாகப் பேசிய குரலுக்குத்தான் அவை அதிகம் ஓடின. நம் அரட்டை அவற்றுக்கு அவ்வளவு பெரிய பயம். அதனால் கத்தலும் பாட்டும் ஸ்பீக்கரும் காட்டுக்குள் கூடவே கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சத்தமே இல்லாமல் நடந்தால் என்ன ஆகும் என்பதை மறுநாள் காலையில் தெரிந்துகொண்டேன்.

காலையில் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே ஓர் இறக்கம். முழங்கால்காரன் வழுக்கி உட்கார்ந்தான். அடி ஒன்றும் பெரிதில்லை. அக்கா முழங்காலுக்குக் கட்டுப் போட, அண்ணன் கைத்தடி ஒன்று வெட்டிச் சீவிக்கொண்டிருந்தார். எனக்கு நிற்க முடியவில்லை. "முன்னாடி போய் நிக்கிறேன்" என்றேன். "அந்த வளைவுல நில்லுங்க தம்பி, தாண்டாதீங்க" என்றார். வளைவு வந்தது. அங்கிருந்து பார்த்தால் அடுத்த வளைவு நன்றாகவே தெரிந்தது. சரி, அதுவரை போகலாம். அதையும் தாண்டியபோதுதான் குறட்டை கேட்டது.

எதிர்க்காற்று. என் வாடை கரடிக்குப் போயிருக்காது. நான் பேசவும் இல்லை, தனியாள் யாரோடு பேசுவது? அதன் காது முழுக்க அதன் உறிஞ்சல்தான். இந்த வகைக் கரடிக்கு மேல்வரிசை முன்பற்களில் நடு இரண்டு கிடையாது; அந்த இடைவெளி வழியாகத்தான் கறையானை உறிஞ்சி எடுக்கிறது. அந்தச் சத்தம் நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். எனக்குக் கேட்கத்தான் செய்தது, புரியவில்லை.

என் கை செய்த முதல் காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. போனை எடுக்கப் போனது. பையின் ஜிப்பை இழுத்த சத்தத்தில் கரடி தலையை எடுத்தது. மூக்கெல்லாம் செம்மண். பிறகு பின்னங்கால்களில் எழுந்து நின்றது. நெஞ்சில் வெளுத்த வளைகோடு, இரண்டு பக்கமும் தொங்கும் கைகள், ஒவ்வொன்றின் நுனியிலும் என் விரல் நீளத்துக்கு நகங்கள். கரடி எழுந்து நின்றால் தாக்கப்போகிறது என்று அர்த்தமில்லை, எதிரே என்னவென்று பார்க்கவும் மோப்பம் பிடிக்கவும் நிற்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அந்தக் கணத்தில் அது தெரிந்திருந்தாலும் ஒரு பிரயோஜனமும் இருந்திருக்காது. ஓடு என்று மனசு சொன்னது. கால் கேட்கவில்லை. ஓடாமல் நின்றதை என் நிதானம் என்று பின்னாளில் ஓரிரு இடங்களில் சொல்லியிருக்கிறேன். பொய்.

அப்போது எனக்குப் பின்னால், மேல் வளைவிலிருந்து வாயாடியின் குரல் வந்தது. தன் மேலதிகாரியைப் போலப் பேசிக்காட்டிக்கொண்டிருந்தான், கூடவே அக்காவின் சிரிப்பு. கரடியின் தலை அந்தப் பக்கம் திரும்பியது. ஒரே ஓர் உறுமல். முன்னங்கால்களைத் தரையில் போட்டு, சரிவில் புதரை உடைத்துக்கொண்டு இறங்கியது. அது போன பிறகும் கற்கள் உருண்டுகொண்டே இருந்தன.

வந்து சேர்ந்த அண்ணன் திட்டவில்லை. புற்றைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "நான் எந்த வளைவு சொன்னேன்?" என்று மட்டும் கேட்டார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

அதன்பிறகு எங்கள் வரிசையை அவரே மாற்றினார். அவர் முதலில். அவருக்குப் பின்னால் முழங்கால்காரன். அவன் வேகம்தான் இனி எல்லோருடைய வேகமும். கடைசியில் நான். முன்னால் இருப்பவரின் முதுகு எப்போதும் கண்ணில் தெரிய வேண்டும். கேமராக்காரன் உட்கார்ந்தால் எல்லோரும் நிற்க வேண்டும். அதனால் அவனே பாதிப் பூஞ்சைகளை விட்டுவிட்டான். வளைவுக்கு முன்னும், புதர் பாதையை மூடியிருக்கும் இடத்திலும், ஓடைச் சத்தத்தில் எதுவும் கேட்காத இடத்திலும் சாதாரணக் குரலில் பேசிக்கொண்டே போக வேண்டும். மூங்கில் வந்தால் மட்டும் முதலில் நின்று, வாயை மூடிக் காதைக் கொடுக்க வேண்டும், ஒன்றும் இல்லையென்றால் நடக்க வேண்டும். எங்கே பேசுவது, எங்கே மூடுவது என்பதற்கு முந்தைய இரவு வாக்குவாதத்தில் கிடைக்காத விடை இதுதான்.

திரும்பி வந்த பிறகு நிறையப் படித்தேன். பயந்தவன் படிப்பது மாதிரி வேறு யாரும் படிக்க மாட்டார்கள். கறையான் தின்னும் இந்தக் கரடி மனிதர்களைத் தின்னத் தாக்குவது மிக அரிது; திடீரென்று மிக அருகே ஆள் முளைக்கும்போதுதான், பயத்தில், பெரும்பாலும் முகத்தைக் குறிவைத்துப் பாய்கிறது. குட்டியை முதுகில் சுமந்து வரும் தாயென்றால் கேட்கவே வேண்டாம். 'கரடி வந்தால் செத்தவன் மாதிரிப் படு' என்ற அறிவுரையும் எல்லாக் கரடிக்கும் பொருந்தாது. வட அமெரிக்காவில், பழுப்புக் கரடி தற்காப்புக்காகத் தாக்கினால், முதுகுப்பையைக் கழற்றாமல் குப்புறப் படுத்து இரண்டு கைகளாலும் பிடரியைக் கோத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அங்கேயே உள்ள கறுங்கரடி என்ற வேறு இனம் தாக்கினால் திருப்பி அடிக்கச் சொல்கிறார்கள். மரத்தில் ஏறுவது பற்றி ஒன்றே ஒன்று: கரடிகள் நம்மைவிட நன்றாக ஏறும். ஓடுவது பற்றியும் அதே.

அலாஸ்காவில் 1985 முதல் 2006 வரை நடந்த சம்பவங்களைத் தொகுத்த ஆய்வு ஒன்று 2008-ல் வந்தது. கரடிக்கென்றே விற்கும் மிளகாய்த் தெளிப்பானைப் பழுப்புக் கரடிகள் மேல் அடித்த சமயங்களில் 92 சதவீதம் பலன் கிடைத்திருக்கிறது. அதை வைத்திருக்க அனுமதி உள்ள இடமென்றால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இடுப்பில். பைக்குள் இருக்கும் தெளிப்பானும் வீட்டில் இருக்கும் தெளிப்பானும் ஒன்றுதான். நான் ஒரு ஜிப்பை இழுத்தே மாட்டிக்கொண்டவன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

அன்று காலை பதினொரு மணி வாக்கில் புல்வெளி ஓரம் காட்டுமாடு. எல்லோரும் காட்டெருமை என்கிறோம், ஆனால் அது எருமை இல்லை, மாட்டினம்தான். ஒற்றைக் காளை. நாற்பது மீட்டர் இருக்கும். நாலு காலிலும் முழங்கால்வரை வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி, மேலே எண்ணெய் தடவினாற்போல் கறுப்பு. வளர்ந்த காளை ஒரு டன்னுக்குக் கிட்ட வரும். எங்களைப் பார்த்ததும் மெதுவாகத் திரும்பிப் பக்கவாட்டில் நின்றது.

"போஸ் குடுக்குதுடா" என்று கேமராக்காரன் முட்டி போட்டான்.

"போஸ் இல்ல தம்பி. உடம்பு காட்டுது. எந்திரிங்க."

நான் எவ்வளவு பெரியவன் பார் என்று சொல்வதற்காகத்தான் காட்டுமாட்டுக் காளை பக்கவாட்டில் நிற்கும். சண்டைக்கு முந்தைய பேச்சுவார்த்தை அது. அடுத்து தலையைத் தாழ்த்தும், 'புஸ்' என்று மூச்சை விடும். அதற்கு மேல் காத்திருக்கக் கூடாது. நாங்கள் ஆறு பேரும் நெருங்கி நின்று, முதுகைக் காட்டாமல், ஒவ்வோர் அடியாகப் பின்னால் வந்தோம். அது ஓடிப்போக ஒரு பக்கம் எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்று அண்ணன் எங்களைப் புல்வெளிப் பக்கம் போகவிடாமல் மரங்களின் பக்கம் தள்ளினார். இருபது நிமிடம் மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம். அது மேய்ந்து முடித்து, தன் நேரத்துக்குப் போனது.

தூரத்தைக் கணக்கிட எளிய வழி ஒன்று உண்டு. கையை நேராக நீட்டிக் கட்டைவிரலை உயர்த்துங்கள், ஒரு கண்ணை மூடுங்கள். விலங்கு முழுவதும் விரலுக்குப் பின்னால் மறைந்தால் சரி. இரண்டு பக்கமும் பிதுங்கினால் நீங்கள் கிட்டத்தில் இருக்கிறீர்கள். எங்கள் காளை என் விரலுக்கு இரண்டு பக்கமும் தாராளமாகப் பிதுங்கியது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் கரடி, ஓநாய் போன்றவற்றுக்கு 91 மீட்டர், மற்ற பெரிய விலங்குகளுக்கு 23 மீட்டர் என்று விதியே இருக்கிறது. அங்கே அதிகம் பேரைக் காயப்படுத்தியிருப்பது கரடி இல்லை, புல் மேயும் பைசன் என்பதையும் கேமராக்காரனுக்கு அனுப்பி வைத்தேன். கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பினான்.

பாம்பைப் பற்றி ஒரு வார்த்தை, நாங்கள் பார்க்காவிட்டாலும். விழுந்து கிடக்கும் மரத்தை ஒரே தாண்டாகத் தாண்டாதீர்கள். அதன் மேல் ஏறி நின்று, மறுபக்கம் பார்த்து, அப்புறம் கால் வையுங்கள். விரியன் வகைகள் நம் காலடி அதிர்வுக்கு விலகாமல் அப்படியே கிடக்கும். கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம்; கடிபட்ட காலை அசையாமல் வைத்து, ஆளைச் சுமந்து, விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். சுமக்க ஆள் வேண்டும் என்பதால்தான் நாலைந்து பேராகப் போவது.

உச்சிக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தபோது மூங்கில் வந்தது. நின்றோம். முதலில் ஒன்றும் இல்லை. மந்திகூடக் கத்தவில்லை. பிறகு எங்கோ உள்ளே ஒரு மூங்கில் பிளந்தது, துப்பாக்கி வெடித்தது போல. அப்புறம் சலசலவென்று இலை இழுபடும் சத்தம். கூடவே, சொல்லிப் புரியவைக்க முடியாத ஒரு வாடை, நனைந்த வைக்கோலும் தொழுவமும் கலந்தது போல. காற்று அங்கிருந்து எங்கள் பக்கம் வந்தது, நல்லவேளை. யானைக்குப் பார்வை சுமார்தான், மூக்குதான் எல்லாம்.

அண்ணன் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து உதிர்த்துக் காற்றைப் பார்த்தார். தின்னும் சத்தம் கேட்கிறவரை பயமில்லை என்று கிசுகிசுத்தார். காதாட்டுவதும் மெல்லுவதும் நின்று, எல்லாம் ஒரேயடியாக அமைதியானால்தான் அது நம்மைத் தெரிந்துகொண்டுவிட்டது என்று அர்த்தம். கேட்டுக்கொண்டே இருந்தோம். அரை மணி நேரம். ஒரு மூங்கில், இன்னொரு மூங்கில். இரண்டாவது சத்தம் முதலாவதற்கு வெகுதூரம் தள்ளிக் கேட்டது, ஆக ஒன்றுக்கு மேல் இருந்தன.

பிறகு சத்தம் நின்றது.

அண்ணன் எழுந்து, கையால் பின்பக்கம் காட்டினார். யாரும் 'இன்னும் ஒன்றரை மணி நேரம்தானே' என்று சொல்லவில்லை. காலையில் கரடி இல்லாமல் போயிருந்தால் நான் சொல்லியிருப்பேன். இரண்டு நாள் நடந்து, உச்சியைப் பார்க்காமல், யானையின் ஒரு வாலைக்கூடப் பார்க்காமல் திரும்பினோம். அடுத்த வருஷம் எவ்வளவு சீக்கிரம் கிளம்பலாம் என்பதில் இறக்கம் முழுக்கப் பேச்சு ஓடியது.

காலையில் வந்த பாதையிலேயே இறங்கினோம். முழங்கால்காரன் வேகத்தில். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்றோம். நின்றால் காது திறக்கும் என்பதால் எனக்கு அது அப்போது பிடிக்க ஆரம்பித்திருந்தது. கேளையாடு என்ற சிறு மான் ஒன்று நாய் குரைப்பது போல் எங்கோ குரைத்தது. வேகமாக நடக்கும்போது இதெல்லாம் என் மூச்சிரைப்பில் அமுங்கிப்போயிருக்கும்.

ஓடைக்குப் பக்கத்து ஈரமண்ணில் அண்ணன் நின்றார். வட்டமாக ஒரு தடம். உள்ளே வெடித்த நிலம் மாதிரி கோடுகள், முன்னால் நகங்களின் பிறைகள். முன்னங்கால் என்றார். பையிலிருந்து கயிறை எடுத்துத் தடத்தைச் சுற்றி வைத்து அளந்தார். அந்த அளவைப்போல் இரண்டு மடங்குதான் யானையின் தோள் உயரம். இரட்டிப்பு நீளத்தைப் பிடித்துக் கையைத் தலைக்கு மேல் உயர்த்தினார். முனை இன்னும் தரையில் மடங்கிக் கிடந்தது.

நான் தடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் விளிம்பில் பாதி நசுங்கி, ஒரு ஷூவின் குதிகால் பதிவு இருந்தது. காலையில் வரிசையில் கடைசியாக வந்தவன் நான், ஆகையால் அந்தக் குதிகால் என்னுடையதுதான். நாங்கள் மேலே மூங்கில் ஓரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற நேரத்தில், இன்னொன்று கீழே எங்கள் வழியிலேயே வந்து போயிருக்கிறது.

தடத்தின் சுவர் இன்னும் ஈரமாகச் சரிந்துகொண்டிருந்தது. அண்ணன் கயிற்றைச் சுருட்டினார். ஓடைச் சத்தத்துக்கு மேலே கேட்கிற மாதிரி, "நடங்க, பேசிக்கிட்டே நடங்க" என்றார். முழங்கால்காரன் தொண்டையைச் செருமிக்கொண்டு அவர் பின்னால் நடந்தான்.